குழியை மூடிவிடாதே

திருவரங்கம்,
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. வைகாசி 21 வாஸ்து நாளில் பூஜை போட்டு வானம் தோண்ட ஆரம்பித்ததையும், குழிக்குள் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டி நீ நின்ற படத்தையும் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தது ரெண்டே விநாடி. மிச்ச நேரமெல்லாம் உனக்குப் பின்னால் இருந்த குழிச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருஷமாக நிலவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளுக்கு வெட்டின மண் கண்ணில் பட்டால் வேறெதுவும் தெரியாது.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரியிடம் வேறு பேசுவாய். எழுதினால் ஒரு தடவையாவது முழுக்கப் படிப்பாய் என்று நம்பித்தான் இது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உனக்குத் தெரியாமல் மருமகளை வேலை வாங்கினேன். நேற்று நீ ஏரலுக்குப் போயிருந்த நேரத்தில் அவளைக் குழிக்குள் இறங்கச் சொன்னேன். கரணையால் தெற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் மேலிருந்து கீழாகச் சீவிவிட்டு, பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டி வைத்து அடி அடியாகப் படம் எடுத்தாள். ஒவ்வொரு நிற மண்ணிலும் ஒரு துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கவும் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் அவள் அம்மாவிடம் திட்டு வாங்கினாளாம். அது என் குற்றம். ஆனால் விரலுக்குப் பிடிபடாதது பல்லுக்குப் பிடிபடும். நறநறவென்றால் வண்டல், வெண்ணெய்போல வழுக்கினால் களி. எங்கள் தொழிலில் வாத்தியார் மாணவருக்குச் சொல்லித்தரும் முதல் கருவி இதுதான்.

இனி அந்தச் சுவரை மேலேயிருந்து படிக்கிறேன். கூடவே நீயும் போய் நின்று பார்.

மேலே ஒரு சாண் கனத்துக்கு வெளிறிய மணல். அது என்னவென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த ரெண்டு நாள். நம் வாழைத்தோட்டம் முழுக்கப் படுத்தது, மூணாம் நாள் நீ தோட்டத்துக்குள் நடந்தபோது கால் புதைந்தது எல்லாம் நீயே அழுதுகொண்டு சொன்னதுதான். ஆனால் மருமகள் அனுப்பிய கிட்டத்துப் படத்தில் அந்த ஒரு சாணுக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. அடியில் பரும்படியான மணல். மேலே வர வர மாவு மாதிரி ஆகிறது. உச்சியில் நகக்கனத்துக்குக் களி, காய்ந்து அப்பளமாக வெடித்திருக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடும்போதுதான் கனத்த மணலைத் தூக்க முடியும். வேகம் குறையக் குறையக் கனத்ததை முதலில் போட்டுவிடும். களி கடைசியில், தண்ணீர் அசையாமல் தேங்கி நின்ற பிறகுதான் இறங்கும். வெள்ளம் வந்தது, தணிந்தது, குளமாக நின்றது, வற்றியது எல்லாம் ஒரு சாணுக்குள் அந்த வரிசையிலேயே இருக்கிறது.

இன்னொன்று. கிழக்குச் சுவரில் அந்த மணலுக்குள் மெல்லிய சாய்ந்த கோடுகள் தெரிகின்றன, கூரை ஓடு அடுக்கியதுபோல. ஓடும் தண்ணீர் மணலைச் சின்னச் சின்ன அலைமேடாகத் தள்ளிக்கொண்டு போகும்போது, மேட்டின் முன்சரிவில் மணல் சரிந்து சரிந்து விழும் கோடுகள் அவை. கோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போயிருக்கிறது. உன் குழியில் அவை வடக்கே சரிகின்றன, அதாவது தாமிரபரணி ஆற்றைப் பார்த்து. அப்படியென்றால் அந்த மணல் ஆற்றுக்கரையைத் தாண்டி நேரே ஏறி வந்ததில்லை. தெற்கேயிருந்து, தென்கால் வாய்க்காலின் கரை உடைந்த இடத்திலிருந்து வந்தது. தண்ணீர் ஆற்றிலிருந்து வந்ததா, கால் உடைப்பிலிருந்து வந்ததா என்று நீயும் பக்கத்துச் செய்க்காரரும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தீர்களே, அந்த வழக்கு இதோடு தீர்ந்தது. அவர் சொன்னதுதான் சரி.

ஆறு மேலேயிருந்து கொண்டுவரும் கறுப்பும் சிவப்புமான பொடி மணலும் அங்கே கோடு கோடாகப் படிந்திருக்கிறது. கறுப்பு இல்மனைட்டும் மேக்னடைட்டும், சிவப்பு கார்னெட். மலைப்பாறையில் இருந்தவை. கனமானதால் தண்ணீர் அவற்றைத் தனியாகப் புடைத்து ஒதுக்கிவிடும், சுளகில் கல்லை ஒதுக்குவதுபோல. மருமகளிடம் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதில் ஓட்டிப் பார்க்கச் சொல். நாள் முழுக்க விளையாடுவாள்.

அதற்குக் கீழே உழவு மண். அதை விடு, அதில் அப்பாவின் கலப்பையும் உன் டிராக்டரும் எல்லாவற்றையும் கலக்கிவிட்டன. அதற்கும் கீழே நாலு விரல் மணல் இன்னொன்று. கரணையில் ஏதோ கறுப்பாகத் தட்டியதென்று மருமகள் எடுத்துக் கழுவினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கரிக்குச்சி! அதை உடைத்து எடுத்து நாம் சுவரெல்லாம் எழுதுவோமே. பேட்டரி ஊருக்குள் வந்த பிறகு விழுந்த மணல், உழவு ஆழத்துக்கும் கீழே இருக்கும் மணல் என்றால் அது அனேகமாக 1992 நவம்பர் வெள்ளம். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட மாடியில் ராத்திரி முழுக்க என் மடியில் தூங்கினாய். நிலவியல் புத்தகங்களில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. நடைமுறையில் ஒரு மண்ணடுக்கின் வயதைச் சொல்ல ஒரு பானை ஓடு, ஒரு கண்ணாடி வளையல், காலாவதித் தேதி அச்சடித்த ஒரு பான்பராக் உறை போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் மாணவர்கள் வருஷா வருஷம் விழுவார்கள். 2023 மணல் ஒரு சாண், 1992 மணல் நாலு விரல், அதனால் 2023 வெள்ளம் பெரிது என்று எழுதுவார்கள். நான் மார்க் போடமாட்டேன். மணலின் கனம் வெள்ளத்தின் அளவைச் சொல்லாது, உடைப்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைத்தான் சொல்லும். உடைப்பு வாயில் ஆள் உயரம் மணல் குவியும், நூறு அடி தள்ளி முழங்கால், அதற்கப்பால் விரற்கடை. விசிறி விரித்த மாதிரி. இன்னும் மோசமானது, ஒரு வெள்ளம் வந்து முந்தின மூணு வெள்ளத்தின் மண்ணையும் அரித்து எடுத்துப் போயிருக்கலாம். அப்போது சுவரில் அவற்றுக்கு இடமே இருக்காது. இல்லாத அடுக்கைப் படிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

மண்ணை வைத்து வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லவே முடியாதா என்றால், முடியும். நம் ஊர்ச் சமவெளியில் முடியாது, பாறை இடுக்கில் முடியும். படிக்கும் காலத்தில் எங்களை நர்மதைக்கு அழைத்துப் போனார்கள். ஆறு பாறைக்குள் இறுகி ஓடும் இடம். பக்கத்து ஓடை வந்து சேரும் மூலையில், ஆற்றுக்கு வெகு உயரத்தில், வண்டல் அடுக்கு அடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. பெருவெள்ளத்தில் தண்ணீர் அந்த மூலைக்குள் ஏறித் தேங்கும்போது விட்டுப்போன மண். ஒரு வெள்ளத்துக்கு ஒரு அடுக்கு. நடுவில் ஒரு வரி சருகு, அல்லது பூச்சி துளைத்த தடம், அல்லது வெயிலில் சிவந்த ஒரு கோடு இருந்தால், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் காலம் போயிருக்கிறதென்று அர்த்தம். எல்லாவற்றிலும் உயரத்தில் ஒட்டிய மண், தண்ணீர் குறைந்தபட்சம் அதுவரை ஏறியது என்பதற்குச் சாட்சி. பாறைக் கரை அகலாது, ஆழமாகாது. அதனால் அந்த மட்டத்தை வைத்து எவ்வளவு தண்ணீர் போனதென்று கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் விக்டர் பேக்கர் வளர்த்தெடுத்த முறை இது. நம் நாட்டில் புனேயின் விஸ்வாஸ் காலே நர்மதையிலும் வேறு ஆறுகளிலும் இதைச் செய்தவர். ஆற்றில் அளவுகோல் நட்டு நூறு, நூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது. இந்த மண் ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்துக் கணக்கு வைத்திருக்கிறது.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நீ கேட்பாய். கரித்துண்டு கிடைத்தால் கரிமக் கணக்கு. கிடைக்காவிட்டால் மணலையே கேட்கலாம். படிக மணலுக்கு ஒரு குணம். இருட்டில் புதைந்து கிடக்கும்போது சுற்றுமண்ணின் கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் சேமிப்பு மொத்தமும் அழிந்துவிடும். ஆகவே கடைசியாக எப்போது வெயில் பார்த்ததென்று அதன் சேமிப்பை அளந்து சொல்லலாம். அதனால்தான் நாங்கள் குழிச்சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, ரெண்டு முனையையும் மூடி, கறுப்புத் துணியில் சுற்றி எடுத்து வருவோம். சாலைப் போலீஸ் ஒருமுறை அதை வெடிகுண்டென்று நினைத்துவிட்டார். வெள்ள மணலில் மட்டும் ஒரு தொல்லை. கலங்கிய தண்ணீரில் ராத்திரியோடு ராத்திரியாக வந்த மணல், நடுவில் வெயிலே பார்த்திருக்காது. பழைய சேமிப்போடு வந்து படுத்து, உண்மையான வயதைவிடக் கிழடாகக் காட்டும்.

சரி, உன் குழிக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

அந்த நாலு விரல் மணலுக்குக் கீழே மறுபடியும் பழுப்பு மண் கொஞ்சம், அதற்கும் கீழே களி. சாம்பல் கலந்த கறுப்பு, ஒன்றரை அடி கனம். மருமகள் பல்லில் வைத்தபோது வெண்ணெய் மாதிரி இருந்ததாம். அதில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள், மொச்சைக்கொட்டை அளவில் சுக்கான் கல். மேஸ்திரி "மண்ணு நல்லா இறுக்கமா இருக்கு" என்று சொன்னது இந்தக் களியைப் பார்த்துத்தான். ஆனால் ரெண்டு சுவர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். தெற்குச் சுவரின் மேற்கு மூலையில் ஒன்றரை அடி இருக்கும் களி, கிழக்கே போகப் போக மெலிந்து முக்கால் அடியாகிறது. அதன் அடிக்கோடு நேராக இல்லை, தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி வளைந்து ஏறுகிறது. குழியின் தரையில் களி முடியும் இடத்தில் பரும்படி மணல், அதில் சுண்டைக்காய் அளவுப் பரல்.

தம்பி, அது ஆற்றுப் படுகை. நீ வீடு கட்டப்போவது ஆற்றுக்குப் பக்கத்தில் இல்லை, ஆற்றுக்குள்ளே.

ஒரு காலத்தில் தாமிரபரணியோ அதன் கிளையோ அந்த வழியாக ஓடியிருக்கிறது. பரல் அப்போது வந்தது. பிறகு ஆறு வேறு வழி பிடித்துவிட்டது. கைவிட்ட வழி கொஞ்ச காலம் குட்டையாகக் கிடந்திருக்கும், நத்தை அங்கே வாழ்ந்திருக்கும், ஒவ்வொரு வெள்ளத்திலும் கலங்கல் வந்து தேங்கிக் களியாக இறங்கிப் பள்ளத்தைத் தூர்த்திருக்கும். நேரில் சுரண்டிப் பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இந்த வளைந்த அடியும் நத்தையும் பரலும் சேர்ந்து வேறு எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆறு ஏன் வழி மாறும்? தான் கொண்டுவந்த மண்ணாலேயே மாறும். கரை வழியும்போதெல்லாம் கனத்த மணலைக் கரையோரமே போட்டுக் கரையை மேடாக்கும், படுகையையும் மேடாக்கும். ஒரு கட்டத்தில் சுற்றியுள்ள வயலைவிட ஆறு உயரத்தில் ஓடும். பிறகு ஒரு பெருவெள்ளம், ஒரு உடைப்பு, அவ்வளவுதான். நான் இருக்கும் இந்தத் தீவிலேயே அதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், அதனால் தண்ணீர் அதிலேயே பாய்ந்தது, காவிரியின் வாய் மணல் மூடி மேடாகிக்கொண்டே வந்தது. விட்டிருந்தால் தஞ்சாவூர்க் காவிரி இன்று ஓர் ஓடை. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதே அதைத் தடுக்கத்தான். 2018 ஆகஸ்டில் அந்தக் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனதே, அன்று நாங்கள் போய் நின்று பார்த்தோம். வாயைத் திறந்துவிட்டதும் தண்ணீர் எந்தப் பக்கம் போனதென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம் ஆறு மட்டும் சும்மா இருந்ததா? கொற்கை நம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். பாண்டியர் முத்துத் துறைமுகம். அங்கே தோண்டி எடுத்த கரிக்கு கி.மு. 785 என்று வயது சொன்னார்கள். இன்று அந்த ஊரில் நின்று கடலைத் தேடினால் வாழைதான் தெரியும். 1870-களில் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, ஆற்று வண்டல் கடலைத் தள்ளத் தள்ளத் துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு இறங்கியதை எழுதினார். மார்க்கோ போலோ வந்து இறங்கிய அந்தக் காயலும் பிறகு கரையேறிப் பழையகாயல் ஆனது. துறைமுகம் புன்னைக்காயலுக்குப் போனது. ரெண்டு துறைமுகத்தை மண்ணால் மூடிய ஆறு, ஒரு செய்யின் மூலையைத் தூர்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஒரு சங்கடம், சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏகப்பட்ட பக்கத்தை நாமே கிழித்துவிட்டோம். 2010-இல் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டுத் தாமிரபரணி மணலுக்குத் தடை வாங்கினாரே, அதற்கு முன்னால் போன லாரிகளை நீயும் நானும் கரையில் நின்று எண்ணியிருக்கிறோம். படுகையைத் தோண்டி எடுத்த ஆற்றில், பழைய மட்டத்தை வைத்துப் புதிய வெள்ளத்தை ஒப்பிட முடியாது. அணை வந்த பிறகு மண் வரத்தே மாறிவிட்டது. தடுப்பணைக்குள் தூர் சேர்கிறது, கீழே மணல் பசி. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறிவிடும். பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து அமைதியாகிவிடுவார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வா. பழைய படுகை என்றால் என்ன வந்தது, இப்போது ஆறு தள்ளித்தானே ஓடுகிறது என்பாய். ரெண்டு விஷயம். அந்தக் களி மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். ஒரு மூலையில் ஒன்றரை அடி, இன்னொரு மூலையில் முக்கால் அடி என்றால் வீடு சமமாக ஏறி இறங்காது. நாலு வருஷத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் குறுக்கே வெடிக்கும். களியை எடுத்துவிட்டு ஆழமாகப் போட்டுக் கட்டலாம்தான், காசு ஆகும். ரெண்டாவதுக்குக் காசாலும் வழியில்லை. வெள்ளம் வரும்போது பழைய வழியைத்தான் தண்ணீர் முதலில் தேடும், ஏனென்றால் முழுக்கத் தூர்ந்த பிறகும் அது ஒரு முழமாவது தாழ்ந்தே இருக்கும். 2023-இல் நம் செய்களிலேயே கடைசியாக வற்றியது எது? நீயே சொன்னாய், இந்த மூலைதான் என்று.

அப்பா அந்தத் துண்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நினைவிருக்கிறதா? பட்டாவில் வெறும் நம்பர். அப்பா வாயில் "பழையாத்துப் பள்ளம்". அதில் வாழை வைத்தார், நெல் வைத்தார், ஒரு தொழுவம்கூடக் கட்டவில்லை. அவரிடம் ஏன் என்று நாம் கேட்டதும் இல்லை.

அங்கிருந்து கிழக்கே, பனை வரிசை நிற்கும் மேட்டைப் பார். மருமகளை அங்கே ஒரு முழம் தோண்டச் சொல்லியிருக்கிறேன். பல்லில் நறநறவென்று வந்தால் அது ஆறு தன் கரையில் போட்ட மணல்மேடு. தண்ணீர் நிற்காது, மண் ஊதாது. சாமி பீடமும் அந்த வரிசையில்தானே இருக்கிறது. ஊருக்கு முதலில் வந்தவர்கள் இடம் பார்க்கத் தெரியாதவர்களா? மனையை எழுபது, எண்பது அடி கிழக்கே நகர்த்தினால் போதும். ரோட்டுக்குத் தூரமாகிவிடும் என்று உன் வீட்டில் சொல்வார்கள். ஆகட்டும்.

நான் வெள்ளி ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், அந்த 2023 வெள்ளத்தில் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றதே, அதே வண்டி. சனிக்கிழமை விடியற்காலை ஸ்டேஷனுக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வா. அதுவரைக்கும் குழியை மூடிவிடாதே, கல்லும் இறக்காதே. தார்ப்பாய் போட்டு மூடி நாலு மூலையிலும் செங்கல் வை. மழை வந்தால் சுவர் சரிந்துவிடும், ஓரத்தில் ஆடு மாடு கட்டாதே. மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் அந்த வாரக் கூலியை நான் தருகிறேன் என்று சொல். அவர் கோபப்பட்டால் என்னிடம் பேசச் சொல்.

மருமகளிடம் நத்தை ஓடுகளைக் கழுவிவிட வேண்டாம், மண்ணோடு தீப்பெட்டியில் போட்டு வைக்கச் சொல். அவளுக்கு என்னுடைய பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவருகிறேன். கரிக்குச்சியை உனக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா